நீங்களா, போர்டா?

"எடை கூடிப்போச்சு. ஒண்ணு நீங்க போகலாம், இல்ல உங்க போர்டு போகலாம்," என்றாள் விமான நிலையக் கவுண்டரில் இருந்த லீசெல்.

ஆர்வினுக்கு வியர்த்துக் கொட்டியது. சாம்பல் நிற உறைக்குள் இருந்த அலைச்சறுக்குப் பலகையைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். சியர்காவ் தீவிலிருந்து மணிலா விமானம் கிளம்ப இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது.

"சின்ன போர்டுதானே அக்கா? எப்படியாவது ஏத்திவிடுங்களேன்."

"பைலட் ஒத்துக்க மாட்டார். நாளைக்கு ரெண்டு பேருமாப் போங்களேன்."

"நாளைக்கா? ஐயோ, முடியாது! போர்டு கிடக்கட்டும், நான் போறேன். அதை அப்புறமா அனுப்பிவிடுங்க."

லீசெல் நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவா? அதை விட்டுட்டுப் போயிருவீங்களா?"

"போயிருவேன். சீக்கிரம் பாஸைக் கொடுங்க!"

அவள் கொடுக்கவில்லை. வாசலில் நின்ற காவலரைக் கையசைத்துக் கூப்பிட்டுவிட்டு போனை எடுத்தாள்.

"ரொமெல், நேத்து சாம்பல் உறையோட காணாமப் போன உன் போர்டு இங்க இருக்கு. ஓடி வா."

ஆர்வினின் முகம் வெளிறிப்போனது. "என்ன உளர்றீங்க? இது என்னோடது!"

"காலையிலேருந்து இதே மாதிரி சாம்பல் உறையைத் தூக்கிக்கிட்டு, உங்களோட சேர்த்து ஏழு பேர் வந்தாங்க தம்பி. ஏழு பேர்கிட்டயும் இதையேதான் சொன்னேன். ஆறு பேர், 'அப்ப நானும் போகலை'ன்னு போர்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க."

காவலரின் கை ஆர்வினின் தோளில் விழுந்தது.

"அப்ப... எடை?"

"எடையா? விமானத்துல பாதி சீட்டு காலி."