விழாத கோடு

தையல்காரி கழுத்தில் கிடக்கும் அளவு டேப்பைக் கழற்றக்கூட மறந்து கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருக்கிறாள். குனிந்த தலை நிமிராமல் அதன் நுனியை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள். போன மாதம் கர்ப்பப்பை வாயில் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடிய கிருமி இருப்பதாகச் சொன்ன அதே நர்ஸ், இரண்டாவது சோதனையின் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிரிக்கிறாள். “கிருமி இருக்கிறது உண்மைதான்க்கா. ஆனா அது செல்லுக்குள்ள புற்றுநோய்க்கான அடையாளம் எதையும் போடல. துணியில சாக்பீஸ் கோடே விழலன்னு வச்சுக்குங்க.” “கோடு விழலன்னா கத்தரிக்கு வேலை இல்லயேம்மா?” “இப்போதைக்கு இல்லக்கா. அடுத்த வருஷம் மறுபடி பாத்துடலாம்.” டேப் விரலிலிருந்து நழுவுகிறது. நிமிர்ந்தவள் கண்ணில் முதலில் படுவது நர்ஸின் தோளில் விட்டுப்போயிருக்கும் தையல். “அந்த மேல்சட்டையக் கழட்டிக் குடும்மா,” என்று ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை உருவுகிறாள். கண் நிறைந்திருப்பதில் நூல் மட்டும் ஊசியின் காதில் நுழைவேனா என்கிறது. நர்ஸ் வாங்கிக் கோத்துக் கொடுக்கிறாள்.