அணையாத மெழுகுவர்த்தி

மீசையின் இடப்பக்கம் கருகி வாடை அடித்தபோதும் நான் அந்த எழுத்தை விடவில்லை. ஐந்தாம் முறையாகச் சொன்னேன். முகத்துக்கு நேரே மெழுகுவர்த்தி அசையாமல் எரிந்தது. கடைசி பெஞ்சில் மேடம் இன்ஜி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

உங்கள் ‘பாம்பு’வின் தலையில் இருக்கும் ‘பா’ எங்கள் அரபியில் கிடையாது. வாலில் இருக்கும் ‘பு’ மட்டும்தான் உண்டு. அதனால் அலெக்ஸாண்ட்ரியாவில் ஓட்டல் வேலைக்குப் போகிறவர்கள் ஆங்கிலம் பேசினால் எல்லாம் வாலாகவே வரும். தலையை வரவழைப்பது என் பிழைப்பு.

முறை எளிது. வாய்க்கு எதிரே மெழுகுவர்த்தியைப் பிடித்துச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் உதடு வெடித்த காற்றில் சுடர் அணையும். ஆறு வருடமாக நான் சொல்லி அணையாத சுடர் இல்லை. முன்பெஞ்சுக்காரன் ஒவ்வொரு தடவையும் வியந்துபோய் நீளமாகப் பெருமூச்சு விடுவான். இப்போது அங்கே உட்காருவது டாக்ஸி ஓட்டும் கைரி. ஆள் மாறினாலும் அந்த இடத்துக்கு இப்படியொரு ரசிகன் அமைந்துவிடுவது என் ராசி.

மாணவர்கள்தான் தேறவில்லை. மூன்று நேர்காணல்களில் வரிசையாகத் தோற்றார்கள். இனி வகுப்பை நான் நடத்துவதா, ஒலிப்பதிவுக் கருவி நடத்துவதா என்று முடிவு செய்யத்தான் முதலாளியான மேடம் இன்ஜி அன்று வந்திருந்தார். அன்று பார்த்து கைரியும் விடுப்பு.

என் வேலை நிலைக்குமா என்று மேடத்திடம் கேட்டேன். இறைவன் நாடினால் என்றார். எங்கள் ஊரில் அதற்கு, ஆளை விடு என்றும் பொருள்.

சுடர் ஏன் அணையவில்லை என்று மாணவர்களைக் கேட்டேன். திரி மட்டம் என்றான் ஒருவன். ஜன்னலைத் திறந்திருக்கலாம் என்றான் இன்னொருவன். கண் பட்டுவிட்டது என்று சொல்லி நெர்மீன் ஒரு நீலமணியைக் கையில் திணித்தாள். ஆசிரியர் மனம் நோக எங்கள் ஊரில் யாரும் பேசமாட்டார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

மறுநாள் புது மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றி, மேசைமேல் வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தேன். கைரி உள்ளே வந்தான். என் அரை மீசையைப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது.

“மன்னிச்சிடுங்க உஸ்தாத். அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். என் இடத்துல நெர்மீன உக்காரச் சொல்லிட்டுத்தான் போனேன். மேடத்தைப் பாத்து பயந்து ஓரத்துக்கு ஓடிட்டாளாம்.”

“நீ வராததுக்கும் என் மீசைக்கும் என்னப்பா சம்பந்தம்? நீயாவது நேராச் சொல்லு.”

கைரி கதவைச் சாத்தினான். மேசையருகே வந்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான். மெழுகுவர்த்தி அணைந்தது.

“ஆறு வருஷமா முன்பெஞ்சுக்காரன் வேலையே இதானே, உஸ்தாத்.”