வலப்பக்கத்து இருக்கை

பேனி சமவெளியில், மாடுகளை விரட்டிவிட்டு விமானம் இறக்கும் புல்தரையில், யோவான்கா முதன்முறையாகத் தனியே பறந்துவிட்டு இறங்கினாள். பயிற்சியாளர் எர்லான் வழக்கமாக உட்காரும் வலப்பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. வேகம் கூடிப்போய், சக்கரம் தரையில் மோதி, அந்தச் சின்ன விமானம் பந்தாய் எகிறிப் பக்கவாட்டில் சாய்ந்தது. பிறகு தானாக நிமிர்ந்து, மெத்தென்று இறங்கி, முள்வேலியில் மூக்கை இடித்து நின்றது.

எர்லான் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஏ புள்ள, எப்படி நிமித்துன? எனக்கே அது வராதே!"

"நான் நிமித்தல கேப்டன். பயத்துல ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டேன்."

"சும்மா கதை விடாத. வா, வேலிய இடிச்சதுக்காக வாளிய மறந்துருவோம்னு பாத்தியா?"

முதல் தனிப் பறப்பை முடித்தவர் தலையில் எஞ்சினின் பழைய எண்ணெய் கலந்த தண்ணீரை ஊற்றுவது அங்கே வழக்கம். விமானக் கொட்டகை முன் சிமெண்டுத் தரையில் அவளை நிறுத்தி, மற்ற மாணவர்கள் வாளியைக் கவிழ்த்தார்கள். விசில் பறந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அவள் நின்ற இடத்தைக் கரிய தண்ணீர் உடனே மூடிக்கொண்டது.

அதற்கு வலப்பக்கத்தில், இரண்டு பெரிய பாதங்களின் அளவுக்குத் தரை காய்ந்தே இருந்தது. தண்ணீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

விசில் நின்றது. எர்லான் தொப்பியைக் கழற்றினார்.

முதலில் இடது பாதத்தைத் தண்ணீர் மூடியது. சற்றுப் பொறுத்து, வலது பாதத்தை.