வயல்மேல் எழுந்த பெயர்

நிவாரணம் யார் யாருக்குப் போகிறது என்பதை அந்தந்த வயலுக்கு மேலேயே ஒளி எழுத்துகளில் எல்லோரும் பார்க்கலாம் என்று அரசு அறிவித்திருந்தது. வெள்ளம் வடிந்த ஒரு சாயங்காலம் ஊரே ஆற்றங்கரையில் திரண்டது. குத்தகைக்குப் பயிர் வைக்கும் செங்கமலம் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். எந்தப் புயலடித்தாலும் நிவாரணம் நிலக்காரர் வைத்திலிங்கத்துக்குத்தான் போகும். அழுகிய நெல்லை அள்ளிக் கொட்டுவதுதான் அவள் பங்கு.

அவள் நட்ட வயலின்மேல், பனைமர உயரத்தில், ஒளி எழுத்தெழுத்தாகக் கூடியது: செங்கமலம்.

"இதெப்புடி? நெலம் என்னுதாச்சே!" என்றார் வைத்திலிங்கம்.

"நெலம் ஒங்களுதுதாங்க," என்றாள் அவள். "அழுவிப்போன நெல்லு என்னுதுங்க."

அதற்குள் அடுத்த வயலில் ஒரு பெயர், அதற்கும் அப்பால் இன்னொரு பெயர் என்று ஒளி கடலோரம் வரை பரவியது. இன்னார் மனைவி, இன்னார் மருமகள் என்று மட்டுமே ஊர் அறிந்திருந்த பெண்கள்தான் அதில் எத்தனை பேர்! கரையில் நின்றவர்கள் பெயர்களை உரக்கப் படிக்கத் தொடங்கினார்கள். தன் பெயரைப் பல குரல்கள் ஒன்றாகச் சொல்லக் கேட்டபோது, தீபாராதனைக்கு முன் நிற்பவளைப்போல, செங்கமலம் தன்னையறியாமல் கைகுவித்தாள்.