டார்லா வைத்த சிவப்புப் புள்ளி

வெண்டெல் தன் கராஜில் வேட்டைத் துப்பாக்கிக்காக, தோட்டாக்களை அடுக்கிவைக்கும் வட்டமான தோட்டாக்கூடு ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். முந்தைய மாதிரிகளில் ஸ்பிரிங் சிக்கிக்கொண்டது. இதில் பன்னிரண்டு பிளாஸ்டிக் டம்மித் தோட்டாக்களைப் போட்டு, ஒவ்வொன்றாக வெளியே தள்ளினான். பதின்மூன்று வந்தன.

"எண்ணவே தெரியலை, ஐயா பெரிய இன்ஜினியரு!" என்று சிரித்தபடி கடைசித் தோட்டாவை எடுத்த மனைவி டார்லாவின் முகம் மாறியது. அதன் பித்தளை அடியில் நகப்பூச்சால் வைத்த சிவப்புப் புள்ளி இருந்தது.

"இது உன் தம்பி கிளின்ட்டோடது. வேட்டைக்காரனை வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு, சவப்பெட்டியில அவன் சட்டைப்பைக்குள்ள நான்தானே இந்தப் புள்ளிய வச்சுப் போட்டேன்?"

"நீ அன்னைக்கு வச்சது வெடிக்காத முழுத் தோட்டா, டார்லா."

அவள் அதை அவன் உள்ளங்கையில் வைத்தாள். வெடித்துக் காலியாகியிருந்தது. சூடு இன்னும் ஆறவில்லை.