ஏற்கெனவே போட்ட கையெழுத்து

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, காஞ்சிபுரம். காலை ஆராதனையில் சாமுவேல் எழுந்து, தன் மகள் பிரவீனா விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டதாகச் சாட்சி சொன்னார். சபை கைதட்டியது.

“இனிமே கன்வென்ஷனுக்கு வேன் வேணாம்பா, பிரவீனாவே ஏத்திக்கினு போவும்” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

பிரவீனா தலை நிமிரவில்லை. நேவிகேஷன் பாடத்தில் அவள் தேறவில்லை. வீட்டில் பொய் சொல்லியிருந்தாள். அந்தப் பொய்க்கு அப்பா எல்லார் முன்னாலும் கர்த்தருக்கு நன்றி சொல்வார் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

யாருக்கும் தெரியாமல் மறுபடி விண்ணப்பித்தாள். தேர்வன்று, ஏனாத்தூரில் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறினாள். தேர்வு மையத்தின் வாசலில் அலுவலர் நீட்டிய வருகைத் தாளில், அவள் பெயருக்கு நேரே அவளுடைய கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

“சார், நான் இப்பத்தான் வரேன்.”

“இந்தப் பேர்ல ஒரு பொண்ணு உள்ள உக்காந்து எழுதிக்கினு இருக்குது. நீ யாரும்மா?”

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். தான் போட்டிருந்த அதே பச்சைச் சுடிதார், அதே பின்னல். உள்ளே இருந்தவள் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிரவீனா அடையாள அட்டையைக் காட்டியிருக்கலாம். காட்டினால் விசாரிப்பார்கள், வீட்டுக்குப் போன் போகும், சபைக்கே தெரிந்துவிடும்.

“தப்பா வந்துட்டேன் சார்” என்றாள்.

மையத்துக்கு எதிரே நின்று, தேர்வு முடிந்து வெளியே வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அந்தப் பெண் வரவில்லை. காவலாளி கதவைப் பூட்டினார்.

பத்து நாளில் பிரவீனாவின் பெயருக்கு முடிவு வந்தது. நேவிகேஷன், எழுபத்தெட்டு. தேர்ச்சி.