மேலே ஆள் இருக்கிறது

ராஜகிரிக் கோட்டை வாசலில் ஆட்களை எண்ணும் நிலா, போனின் நோட்ஸ் ஆப்பில், எண்களைப் போட்டால் தானே வரி எழுதும் ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்திருந்தாள். ஏறியவர்களும் இறங்கியவர்களும் சமமானால் 'எல்லோரும் இறங்கிவிட்டனர்' என்று வரும். இல்லாவிட்டால் 'மேலே ஆள் இருக்கிறது'. மூன்று நாளாகக் கணக்கு சரியாக இருந்தும் இரண்டாவது வரிதான் வந்தது. அதிகாரியிடம் திட்டு வாங்கினாள். நிபந்தனையைத் திருத்தினாள். கடைசியில் அந்த வரியையே அழித்தாள். அப்போதும் வந்தது.

ஆத்திரத்தோடு படியேறினாள். உச்சியில் ஒருவரும் இல்லை. "மூணு நாளா உசுர வாங்குற! யாரா இருந்தாலும் எறங்கித் தொல!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

கீழே வந்து போனைப் பார்த்தாள். 'எல்லோரும் இறங்கிவிட்டனர்.'

காவலாளி கலியபெருமாள் கதவைப் பூட்டினார். "ஏம்மா, அதுக்குன்னு இப்டியா திட்டிக் கூட்டியாருவ? பாவம், அந்தப் பொண்ணு அழுவுது பாரு."